ரப்பர் மர வெளிச்சத்தில் அச்சிட்ட படம்

என் தோழிக்கு வந்த ஒரு சம்பந்தத்தைக் கலைத்தது என் வீட்டுப் பிரிண்டர். “பிரிண்டர் மேல பழியப் போட்டு நீ தப்பப் பாக்குத” என்று அவள் சொல்வாள். சரி, கலைத்தது நான்தான். இருந்தாலும் அந்தப் பிரிண்டருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்குச் சொல்ல வேண்டியது அதைவிடப் பெரியது. அவளிடம் நேரில் சொன்னால் சிரித்தே கெடுத்துவிடுவாள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

2006 வாக்கில் நாங்கள் இரண்டு பேரும் தக்கலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அவள் தேங்காய்ப்பட்டணத்துக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா துறையில் மீன் வாங்கி விற்கிறவர், அண்ணன் வளைகுடாவில். அவள் கொண்டுவரும் மீன் கறியை நம்பி நான் பல நாள் வெறும் சோறு மட்டும் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு நாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அவள் நல்ல கறுப்பு. அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சுற்றி இருந்தவர்களுக்குத்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் படம் எடுக்க அவள் அம்மா ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார். அங்கே முகத்தில் பவுடர் போட்டு, அதன் மேல் விளக்கைப் போட்டு, பிறகு கம்ப்யூட்டரிலும் ஒரு தடவு தடவிக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டார் வந்தார்கள். வந்தவர்கள் அவளையும் பார்த்தார்கள், படத்தையும் பார்த்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மறுநாள் சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள். “மக்கா, அவிய பாக்க வந்தது வேற ஆரையோ. நான் சும்மா நடுவுல போய் நின்னது போல ஆயிட்டு.”

நான் ஸ்டுடியோக்காரரைத் திட்டத் தொடங்கினேன். அவள் நிறுத்தினாள். “இனி ஒரு படம் போனா அது நானா இருக்கணும். வெளுக்கவும் வேண்டாம், கறுக்கவும் வேண்டாம். உள்ளது போல. ஒனக்க பிரிண்டர்ல நீ எடுத்துத் தா.”

அவள் என்னைக் கேட்டதற்குக் காரணம் என் வாய்தான். அந்த வருட விடுமுறைக்கு வந்த என் கணவர் ஒரு டிஜிட்டல் கேமராவும், ஸ்கேனரும் சேர்ந்த ஒரு பிரிண்டரும் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் அதில் எங்கள் வீட்டு வாழைத்தோட்டத்தை அச்சிட்டேன். வாழையிலை நீலம் பாய்ந்து வந்தது. வானம் ஊதா. திரையில் இருந்தது ஒன்று, தாளில் வந்தது இன்னொன்று. எனக்குப் பொதுவாகவே பொறுமை குறைவு. யாராவது என்னை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றிவிட்டால் அது சுத்தமாகப் போய்விடும். ஒரு மெஷின் என்னை ஏமாற்றுவதா என்று இணையத்தில் தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் கலர் ப்ரொஃபைல் என்ற சொல் எனக்கு அறிமுகமானது.

விஷயம் சிக்கலானதல்ல. ஒவ்வொரு பிரிண்டருக்கும், ஒவ்வொரு மைக்கும், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு குணம் உண்டு. பச்சை கேட்டால் கொஞ்சம் நீலமாகக் கொடுக்கும், சிவப்பு கேட்டால் ஆரஞ்சாகக் கொடுக்கும். அந்தக் குணத்தை முழுக்கக் குறித்து வைத்த ஒரு சின்ன ஃபைல்தான் ப்ரொஃபைல். அது இருந்தால் கம்ப்யூட்டர் முன்கூட்டியே மாற்றிக் கேட்கும், கேட்டது ஒழுங்காக வந்து சேரும். அதைச் செய்வதற்கு, சில நூறு நிறக் கட்டங்கள் உள்ள ஒரு தாளை அச்சிட்டு, மை காய ஒரு நாள் விட்டு, ஸ்கேன் செய்து மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். அளப்பதற்கென்று கருவி உண்டு. அதன் விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு பசு வாங்கலாம். அதனால் கடைசித் திருத்தத்தைக் கண்ணால் பார்த்துச் செய்யும் வழியை எடுத்துக்கொண்டேன். படத்தைத் திரையிலும் தாளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, எந்த நிறம் கூடியிருக்கிறதோ அதைக் குறைப்பது, மறுபடி அச்சிடுவது.

ஒரு மாதம் அதில் போனது. தாள் எப்போதும் பச்சை தட்டித் தெரிந்தது. பச்சையைக் குறைத்தேன். இன்னும் பச்சை. இன்னும் குறைத்தேன். கடைசியில் ஒரு நாள் திரையும் தாளும் அச்சாக ஒன்றாக நின்றன. நான் எழுந்து நின்று கைதட்டினேன். என் மாமனார் என்ன ஏது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து சென்டரில் ஒரே பெருமை. இந்த மாவட்டத்தில் ஸ்டுடியோக்காரன் எவனிடமும் இல்லாத ப்ரொஃபைல் என்னிடம் இருக்கிறது என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொன்னேன். ஒரு பயல் அளந்து பார்க்கவா போகிறான் என்ற தைரியம்.

அவள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நிறுத்திப் படம் எடுத்தேன். பவுடர் இல்லை, சிரிக்கச் சொல்லவில்லை. திரையில் பார்த்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்படியே அவள். வீட்டில் அச்சிட்டேன். திரையோடு ஒத்துப் பார்த்தேன். இம்மியும் மாறவில்லை. மூன்று பிரதி எடுத்து, ஒன்றை என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, இரண்டை உறையில் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

“உள்ளது போல இருக்கு பாத்துக்க. சரியா இருக்கு” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “கொள்ளாம், நல்லாருக்கு” என்று கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் அம்மாவுக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போனதாக மறுநாள் சொன்னாள். அந்த அம்மாவுக்குப் பிடித்தது என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்தப் படம் போன வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்து வந்தார்கள். சாயா கொண்டு கொடுக்க நானும் போயிருந்தேன். கடலோர வீடு, வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் பைக்குள்ளிருந்து படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

“படத்துல கண்ட நெறம் இல்லியே.”

தட்டோடு அவர் பக்கத்தில் நின்ற நானும் எட்டிப் பார்த்தேன். என் கையால் அச்சிட்ட படம், ரோஸ் அடித்துக்கொண்டு இருந்தது. கன்னமெல்லாம் சிவந்து, இரண்டு மடங்கு வெளுத்து, யாரோ ஒரு பெண். சாயாவில் பாதி தொடப்படாமலே திரும்பி வந்தது. அவள் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, என்னோடு சேர்ந்து கிளாஸ்களைக் கழுவினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த பிரதியைப் பார்த்தேன். அது சரியாகவே இருந்தது. அப்படியென்றால் கடல் காற்றில் மை மாறிவிட்டது என்று முடிவு கட்டினேன். மை விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு, வேறு மை கொண்டுபோகச் சொன்னார். அந்த மையிலும் புதிதாக எல்லாம் செய்தேன். அப்போதும் திரையும் தாளும் ஒத்துப்போயின. சென்டரில் நானும் அவளும் எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம், படத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. மீன் கறியை அவள் அப்போதும் பகிர்ந்துதான் கொடுத்தாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

தை மாதம் பிறந்து சில நாள் இருக்கும். சென்டருக்கு விடுமுறை. மேசையில் உட்கார்ந்திருந்த நான் தற்செயலாகத் தலை நிமிர்ந்தபோது, சுவரில் இருந்த அவள் முகம் ரோஸாக இருந்தது. அதே ரோஸ். தேங்காய்ப்பட்டணத்தில் பார்த்த அதே அந்நியப் பெண் இப்போது என் வீட்டுச் சுவரில். நான் பயந்தே போனேன்.

முற்றத்தில் மாமனார் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அங்கே பார்த்தது போதாதென்று வீட்டைச் சுற்றியும் ரப்பரே நட்டிருந்தார். ஜன்னலை ஒட்டிக்கூட இரண்டு மரம்.

“இல உதிரத் தொடங்கியாச்சு மக்களே. இனி புது இல வருவது வரைக்கும் வீட்டுக்குள்ள நல்ல வெளிச்சம் உண்டும்” என்றார், என்னிடம் என்றில்லாமல் பொதுவாக.

நான் ஜன்னலைப் பார்த்தேன். எட்டு மாதமாக அந்த ஜன்னலில் இலை தவிர வேறு எதுவும் தெரிந்ததில்லை. இப்போது வானம் தெரிந்தது. சுவரிலிருந்து படத்தைப் பிய்த்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். ரோஸ். பின்பக்கம் இலை உதிராத பலா மரத்தடிக்கு ஓடினேன். ரோஸ் குறைந்தது. திரும்ப முற்றம். திரும்பப் பலா. மாமனார் விளக்குமாற்றை ஊன்றி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அறைக்குள் வந்துகொண்டிருந்தது இலை வழியாக வந்த பச்சை வெளிச்சம். திரைக்குத் தன் வெளிச்சம் உண்டு, அது மாறாது. தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அறையில் இருப்பதைத்தான் காட்டும். அதனால் தாள் பச்சையாகத் தெரிந்தது. நான் அதை மையின் குற்றம் என்று நினைத்து, பச்சையைக் குறைத்துக் குறைத்துச் சிவப்பை ஏற்றி, மங்கலாகத் தெரிந்ததற்கு வெளுப்பையும் கூட்டியிருக்கிறேன். என் ப்ரொஃபைல் தப்பே இல்லை; எங்கள் ரப்பர் மரத்தடியில் நின்று பார்க்கிற வரைக்கும். வெளிச்சத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தப்பு வராது. எங்களைப் போல் மரத்துக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் வரும். கண் பழகிப்போய், பச்சையை வெள்ளை என்றே நம்பிவிடுகிறோம்.

மறுநாள் தக்கலை பஸ் நிலையத்தில் அவள் இறங்கியதும் இறங்காததுமாகச் சொல்லிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. அவள் முழுவதும் கேட்டாள்.

“அப்போ குத்தம் ரப்பர் மரத்துக்க மேலயா?” என்றாள். பிறகு சிரித்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். “ஏட்டி, அழாத. பிரிண்டர எங்க வீட்டுக்குக் கொண்டு வா. எங்க வீட்டுக்குப் பக்கத்துல மரமே கெடையாது.”

வளைகுடாவிலிருக்கும் அண்ணனோடு முகம் பார்த்துப் பேசுவதற்காக வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டர் அவள் வீட்டில் இருந்தது. அதனால் பிரிண்டரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதற்கு மேல் போர்த்தியிருந்த துண்டைப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு வயசு எத்தன? மூணு தாண்டினா அரை டிக்கெட்டு” என்றார். ஒரு வளைவில் பிரிண்டர் சாய்ந்து மை கசிந்தது. இறங்கும்போது என் மஞ்சள் புடவையில் முழங்கால் வரைக்கும் ரோஸ்.

அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “செவப்பு கூடிப்போச்சுன்னு சொன்னியே. அது தானா எறங்கிட்டு பாத்தியா?”

அதற்குள் தவக்காலம் தொடங்கியிருந்தது. அவர்கள் ஊரில் ஈஸ்டர் முடிகிற வரைக்கும் பெண் பார்க்க யாரும் வரமாட்டார்கள். எங்களுக்கு ஆறேழு சனிக்கிழமைகள் கிடைத்தன. இந்த முறை திரையை நம்பவில்லை. கட்டங்களை அச்சிட்டு, காய வைத்து, அடுத்த சனிக்கிழமை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தொட்டி நிழலில் நிஜமான பொருட்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சாம்பல் நிறத்துக்கு, பூசாத சிமென்ட் சுவர். நீலத்துக்கு, அவள் அப்பாவின் வலைக் கயிறு. பழுப்புக்கு அவள் தன் கையை நீட்டினாள். புறங்கை ஒரு நிறம், உள்ளங்கை ஒரு நிறம், முழங்கைக்கு மேலே இன்னொன்று. பழுப்பில் மட்டும் முப்பது கட்டம் அச்சிட்டேன். அவள் கையைச் சுவர் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நான் கட்டங்களை ஒவ்வொன்றாக அதன் மேல் நகர்த்துவேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். தன்னைப் படத்தில் பொய்யாக்கியவளுக்காக இப்படிக் கை நீட்டி உட்கார எத்தனை பேருக்கு மனம் வரும் என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

சிவப்புக்கு அவள் அம்மா வந்து நின்றார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே நாள் சொல்கிறவர் அவர். என் சிவப்புக் கட்டங்களில் விரல் வைத்து, “இது இன்னைக்குள்ள மீனு. இது நேத்துள்ளது. இத நான் காசு தந்தாலும் எடுக்கமாட்டேன்” என்றார். அவர் தள்ளியதையெல்லாம் நானும் தள்ளினேன். ஆனால் படம் விஷயத்தில் அவர் மனம் மாறவில்லை.

“கொஞ்சம் வெளுத்து இருந்தா என்ன? ஆளு வரணும்லா? வந்து பாக்கும்போ பாத்துக்கிடட்டும்.”

“வந்து பாக்கும்போ நிக்கப்போறது நான்லா அம்மா” என்றாள் அவள். அந்த அம்மா திரும்பவும் சிவப்புக் கட்டங்களில் விரலை வைத்தார்.

ஒரு சனிக்கிழமை, கை நீட்டி உட்கார்ந்திருந்தவளிடம் நான் கேட்டுவிட்டேன். “அந்தப் படத்த நீயும் பாத்தியே. ஒனக்கு ஒண்ணும் தோணலியா?”

“தோணிச்சு.”

“பொறவு ஏன் சொல்லல?”

அவள் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ சரின்னு சொன்னியே. ஒரு மாசமா இருந்து பண்ணினவ. அப்போ எனக்க கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சேன். எனக்கு என்னையப் பத்தி என்ன தெரியும்னு நெனச்சேன்.”

நான் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தேன். ஸ்டுடியோக்காரர் அவள் முகத்தைத்தான் மாற்றினார். நான் அவள் கண்ணின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வரச் செய்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். “கைய எடுக்கவா, இருக்கவா? மரத்துப்போச்சு” என்றாள்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் ப்ரொஃபைல் முடிந்தது. ஃபைலுக்குப் பெயர் கேட்டது. ‘அவள் கை’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். பழைய படத்தையே, ஒரு புள்ளி மாற்றாமல், அதில் அச்சிட்டேன். மை காய்ந்ததும் அவளிடம் கொடுத்தேன். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவள் படத்தை மாடியில் பார்த்தாள். கீழே கொண்டுபோய் அடுக்களையில் பார்த்தாள். வாசலில் இறங்கித் தெருவில் வெயிலில் நின்று பார்த்தாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து சொன்னாள்:

“இது நான்தான்.”

அந்தப் பிரிண்டர் இன்னும் ஐந்தாறு வருடம் உழைத்தது. அக்கம்பக்கத்தில் பாஸ்போர்ட்டுக்கும் பிறந்தநாளுக்கும் படம் கேட்டு வந்தவர்கள் எல்லோரையும் ‘அவள் கை’யில்தான் அச்சிட்டேன். படத்தைக் கொடுக்குமுன் சாலை வரைக்கும் போய், மரமில்லாத இடத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். நீங்களே பாருங்கள், சரியா என்று நீங்களே சொல்லுங்கள் என்பேன். சிலருக்கு அது வேடிக்கையாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். புதுப் பிரிண்டர் வந்த பிறகு அந்த ப்ரொஃபைல் உதவாது. ஆனாலும் ஃபைலை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அன்று வந்தவர்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தார். நான் மறுபடி சாயாத் தட்டோடு நின்றேன். அவள் வந்து தலை குனிந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஜெபப் புத்தகத்தைத் திறந்து, உள்ளே வைத்திருந்த படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

அவர் அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். “இந்தப் படம் எந்த ஸ்டுடியோவுல எடுத்திய? எனக்க இளைய மகளுக்கும் ஒண்ணு எடுக்கணும். எங்க போனாலும் அவள வேற பிள்ளையாக்கித் தருதாவ.”

அவள் அம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறக்கும் வழக்கம் அன்றைக்கு இல்லை. அவள் தலை நிமிர்ந்து அந்த அம்மாவை நேராகப் பார்த்தாள்.

“ஸ்டுடியோ இல்ல அம்மா” என்றாள். “நாங்க ரெண்டு பேரும் எடுத்தது.”